பதினோரு மணி எர்ரரு

செங்கல்பட்டுல கலவாரியம்னு ஒரு ஆபீஸ் கீது. முழுப் பேரு கரையோரக் கலங்கள் சான்றளிப்பு ஒருங்கிணைப்பு வாரியம். வாசல் போர்டுல அவ்ளோ நீளம் ஒரே வரியில புடிக்கல, அதனால ‘வாரியம்’ மட்டும் கீழ எறங்கி தனியா ஒக்காந்துகினு கீது. எழிலும் அங்க அப்டித்தான். கான்ட்ராக்ட் ஆப்பரேட்டரு. மத்தவங்க எல்லாம் மேல ஹால்ல, அவனுக்கு மட்டும் கீழ, பழைய பைல் ரூமாண்ட ஒரு டேபிளு, ஒரு கம்ப்யூட்டரு, ஒரு போனு.

வாரியத்துக்கு வேல ஒண்ணே ஒண்ணு. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்கள்ல கீற ஒவ்வொரு பைபர் போட்டுக்கும் வருசா வருசம் ஒரு சான்றிதழ் குடுக்கணும். ஜூன் பதினஞ்சுக்குள்ள அந்த பேப்பர் கைல இல்லன்னா போட்டு தண்ணில எறங்கக்கூடாது. இதுக்காக கரையில மூணு சென்டரு. கடலே இல்லாத செங்கல்பட்டுல எதுக்கு ஹெட் ஆபீஸ்னு நீங்க கேக்கலாம். வாரியத்துல யாரும் கேட்டதில்ல.

எழிலுக்கு சொந்த ஊரு படாளம். அப்பா நெலத்தப் பாத்துக்கறாரு. இவன் போன் பண்ணா, “இன்னா விசியம்?”ன்னு கேப்பாரு. விசியம் இல்லன்னா வெச்சிடுவாரு. ஊரப்பாக்கத்துல ரூம் எடுத்து மூணு பேரா இருந்தானுங்க. ரெண்டு மச்சானுங்களும் பெங்களூரு போய்ட்டானுங்க. இப்போ மூணு பாயும் இவனுது தான். காலீல ட்ரெயின்ல ஏறி, பைல் ரூமாண்ட ஒக்காந்து, சாய்ங்காலம் ட்ரெயின்ல திரும்பி, வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாம போன நாளுங்கோ நெறைய. ஒரு நாளு பூரா அவன் பேசுன மொத்தப் பேச்சு, நாஸ்தா கடையில சொன்ன “ரெண்டு இட்லி”தான்.

அந்தக் கடுப்புல தான் மேக்ரோ எழுத கத்துக்கினான். எக்செல் சீட்டுல ஒரு பட்டனு. அமுக்குனா, அதுவே வேர்ட கூப்புட்டு, போட்டு நம்பரு, ஓனர் பேரு எல்லாம் ரொப்பி, சான்றிதழா பிரிண்ட் அடிச்சுத் தள்ளும். முன்ன ஒவ்வொண்ணா டைப் அடிப்பாங்க. ஒரு நாளைக்கு நாலு போட்டு ஆவும்.

ஆபீஸ்ல அத்த சும்மா வுடல. தொடக்க விழா வெச்சாங்க. மவுசுக்கு மால போட்டாங்க. மால வெயிட்டுல மவுஸு நகரல, அதனால பொறுப்பு கண்காணிப்பாளர் பக்தவச்சலம் சார் மாலையோட சேத்து மவுச அமுக்கிப் புடிச்சுக்கினாரு. பட்டன எழில் கீபோர்டுல தட்டுனான். பேப்பர் வந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க, பக்தவச்சலம் சாருக்கு.

“மூணு சென்டர்லயும் ஜூன் பதினஞ்சுக்குள்ள இது ஓடணும் எழில்,” அப்டின்னாரு சாரு. “ஓடுச்சுன்னா உன் கான்ட்ராக்ட் நீட்டிப்பு. ஓடலன்னா, உனுக்கே தெரியும்.”

பைல மூணு சென்டருக்கும் மெயில்ல அனுப்புனான். மறுநாள் சரியா பதினோரு மணிக்கு பைல் ரூம் போன் அடிச்சுது. அது அடிச்சு எழில் பாத்ததே இல்ல. மொதல்ல பயந்துட்டான்.

“எழிலுன்றது யாரு? மாமல்லபுரம் சென்டரு, கன்னியம்மா பேசறேன். உன் பட்டன அமுக்குனா எதோ திட்டுது நைனா.”

“இன்னான்னு வருதுக்கா? படிங்க.”

“சி... ஏ... என்... மேல ஒரு கொம்பு... டி...”

கன்னியம்மாக்கு அம்பது வயசு இருக்கும். குப்பத்துக்காரங்க தான், வூட்டுக்காரருக்கு போட்டு கீது. நாப்பத்தஞ்சு வயசுல கம்ப்யூட்டர் கிளாஸ் போய் இந்த வேலைக்கு வந்தவங்க. ஒரு ஒரு எழுத்தா படிச்சு முடிக்க கால் மணி நேரம் ஆச்சு. கேன்ட் பைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி. செட்டிங்ல போய்ப் பாக்கச் சொன்னான். அங்க வேர்ட் பதினாறுன்னு போட்டு, முன்னாடி ‘மிஸ்ஸிங்’குன்னு கீதாம்.

எழிலுக்கு அப்பவே வெளங்கிடுச்சு. அவன் மெசினுல கீறது வேர்ட் பதினாறு. மேக்ரோ எழுதும்போது, மொதல்லயே அந்தப் பதினாற பேர் சொல்லி கட்டி வெச்சுட்டான். எர்லி பைண்டிங்னு சொல்வாங்க. எழுதறதுக்கு சொகுசு, மெசினே எடுத்துக் குடுக்கும். ஆனா கன்னியம்மா மெசினுல கீறது பழைய பதினாலு. மேக்ரோ போய் பதினாறத் தேடுது, காணோம், படுத்துக்குது.

“இப்போ நீங்க பஸ்சுக்கு நிக்கறீங்கக்கா,” அப்டின்னான். “இந்த நம்பர் வண்டி வந்தா தான் ஏறுவேன்னு நின்னா, அந்த வண்டி உங்க ரூட்டுல வரவே வராதுன்னா இன்னா ஆவும்?”

“நின்னுகினே இருக்க வேண்டியது தான்.”

“அதான் எர்லி பைண்டிங்கு. லேட் பைண்டிங்னா...”

“வர்ற வண்டிக்கு கைய காட்டி ஏறிக்கறது,” அப்டின்னாங்க கன்னியம்மா. “அத்த மாத்திக் குட்றா நைனா, இதுக்கு இன்னா கத? சாப்டியா நீ?”

“சாப்டேன்க்கா,” அப்டின்னான். சாப்டல.

மாத்தறது அஞ்சு நிமிச வேல. வேர்ட் பதினாறுன்னு எழுதுன எடத்துல வெறும் ஆப்ஜெக்ட்டுன்னு எழுதிட்டு, ஓடும்போது அந்த மெசினுல எந்த வேர்ட் கீதோ அத்த கூப்ட்டுக்கோன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. ஆனா தொடக்க விழா நடந்த பைலு. மால போட்ட பைலு. அனுமதி வாங்காம கை வெக்க முடியுமா? மேல போனான்.

பக்தவச்சலம் சார் பொறுமையா கேட்டாரு. அப்பறம் கண்ணாடிய கழட்டுனாரு. அவரு கண்ணாடிய கழட்டுனா பேசப்போறாருன்னு அர்த்தம்.

“அதாவது, யாரு வந்து வேல செய்யப் போறாங்கன்னு மொதல்லயே எழுத மாட்ட. அந்த நேரத்துக்கு யாரு இருக்காங்களோ, அவங்கள வெச்சு முடிச்சுப்ப. அதான?”

“ஆமா சார்.”

“இது நிர்வாகமா எழில்? இல்ல கல்யாணப் பந்தியா? என்னப் பாரு. ஒம்போது வருசமா பொறுப்பு கண்காணிப்பாளர். நெரந்தரக் கண்காணிப்பாளரா ஒருத்தர் பேர போட்டு ஆர்டர் கீது. அவரு இன்னும் வரல. வர மாட்டாருன்னும் சொல்றாங்க, ரிட்டயர் ஆயிட்டாராம். இருந்தாலும் அந்த சீட்டுல அவர் பேரு தான் கீது. நான் தெனமும் பக்கத்து சேர்ல ஒக்கார்றேன். ஏன்? பேர் போட்டாச்சு. போட்டது போட்டது தான். அந்த ஒழுங்கு கம்ப்யூட்டருக்கும் வேணும்ல?”

சாரு சொன்னது உண்மை. பக்கத்துல ஒரு பெரிய சேர் காலியா இருந்துச்சு. பாலித்தீன் கவர் கூட பிரிக்கல.

அப்பறம் குழு போட்டாங்க. பிணைப்பு ஆய்வுக் குழு. தலைவர், இணை இயக்குனர் சரவணகுமார். கடலோர விசியம்றதால கூட்டத்த கடலோரத்துல வெச்சாங்க, மாமல்லபுரத்துல ஒரு பெரிய ஹோட்டல்ல. மொத்தம் மூணு கூட்டம். மொதக் கூட்டத்துல லேட் பைண்டிங்குக்கு தமிழ்ல இன்னா பேர் வெக்கறதுன்னு பேசுனாங்க. ‘தாமதப் பிணைப்பு’ன்னு ஒருத்தர் சொன்னாரு. வாரியம் தாமதம் பண்ணுதுன்னு நாமளே பைல்ல எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு தள்ளிட்டாங்க. அடுத்த கூட்டம் இருவத்திரெண்டு நாள் கழிச்சு நடந்துச்சு.

எழில ரெண்டாவது கூட்டத்துக்கு கூப்டாங்க. ஏசி ஹாலு. கண்ணாடி ஜன்னல் வழியா கடல் தெரிஞ்சுது. கொஞ்சம் எட்டிப் பாத்தா, கரையில ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூர. வாரியத்தோட போர்டு.

“சார், அதோ அதான் சென்டரு,” அப்டின்னான். “நடந்து போனா அஞ்சு நிமிசம். அங்கயே மாத்திக் காட்டிட்றேன்.”

“களத்துக்குப் போறது இந்தக் குழுவோட வேலைல வராது தம்பி,” அப்டின்னாரு சரவணகுமார். ரொம்ப மரியாதையான மனுசன். “நீங்க சொன்ன பஸ் உதாரணம் எனக்கு நல்லாவே புரிஞ்சுது. ஆனா எனக்குப் புரிஞ்சிடுச்சுன்னா இந்தக் குழுவுக்கு அவசியம் இல்லன்னு ஆயிடும். மூணாவது கூட்டத்துக்கு ஹால் வேற புக் பண்ணியாச்சு. அதனால இப்போதைக்கு எனக்குப் புரியல. குறிப்புல அப்டியே எழுதிக்கோங்க.”

எழுதிக்கினாங்க. எழில வெளிய போவச் சொல்லிட்டாங்க. ஜீப்பு எந்த நேரமும் கெளம்பும், வாசல்லயே நில்லுன்னாங்க, அதனால சென்டருக்கும் போவ முடியல. தூரத்துலேர்ந்து அந்தக் கூரையவே பாத்துகினு நின்னான்.

கன்னியம்மா மட்டும் தெனமும் பதினோரு மணிக்கு போன் பண்ணிகினு இருந்தாங்க. தெனமும் பட்டன அமுக்கிப் பாப்பாங்க, தெனமும் அதே எர்ரரு, தெனமும் படிச்சுக் காட்டுவாங்க.

“மாறி இருக்குமோன்னு பாத்தேன்டா.”

“அது தானா மாறாதுக்கா.”

“உங்க ஆபீஸ்ல எது தான் மாறுது? இன்னா சாப்ட? இட்லியா? தெனம் இட்லி தின்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?”

எழில் பத்தே முக்காலுக்கே போன் பக்கத்துல வந்து ஒக்காந்துருவான். அன்னிக்கு யாருமே அவன் பேர சொல்லலன்னாலும் பதினோரு மணிக்கு ஒருத்தர் சொல்வாங்க. எர்ரர் சரியாகணும்னு தான் அவனுக்கும் ஆச. ஆனா ஒரு நாள் போன் வர பதினொண்ணு பத்து ஆயிடுச்சு. அந்தப் பத்து நிமிசம் அவன் கான்ட்ராக்ட் பத்தி நெனைக்கல.

மூணாவது கூட்டத்துல குழு ஒரு இடைக்காலத் தீர்வு கண்டுபுடிச்சுது. செங்கல்பட்டு கம்ப்யூட்டர்ல மேக்ரோ ஓடுதுன்றது விழாவுலயே நிரூபணம் ஆயிடுச்சு. ஆகவே அந்தக் கம்ப்யூட்டரையே பைலோட இணைப்பா மாமல்லபுரத்துக்கு அனுப்பலாம்.

இணைப்புன்னா பைலோட டேக் போட்டு கட்டணும். சிபியூல ஓட்ட போட எடம் இல்ல. தபால் பிரிவுல அர மணி நேரம் யோசிச்சு, மானிட்டர் ஸ்டாண்டையும் சிபியூவையும் சேத்து சேப்பு டேக்கு போட்டு கட்டி, நம்பர் ஒட்டுனாங்க. ஜீப் டிரைவர் தனகோடி அத்த தூக்கிகினு போய் முன் சீட்டுல வெச்சு பெல்ட்டு மாட்னாரு.

“அண்ணாத்த, நானும் வரட்டா?” அப்டின்னான் எழில்.

“ஆர்டர்ல கம்ப்யூட்டர் மட்டும் தான்பா கீது,” அப்டின்னாரு தனகோடி. அவருக்கும் பாவமா தான் இருந்துச்சு. “உன் பேர் இல்ல.”

ஆர்டர்ல மவுசும் இல்ல. அதனால மவுச வுட்டுட்டு போய்ட்டாங்க. ஆறு நாளு எழில் காலி டேபிள்ல, வால் வெட்டுன மாதிரி கீற ஒரு மவுச வெச்சுகினு ஒக்காந்தான். கையெழுத்து போட்டான், ஒக்காந்தான், எழுந்து போனான். ஒருத்தரும் இன்னான்னு கேக்கல.

பதினோரு மணிக்கு போன் வந்துச்சு.

“உன் பொட்டி வந்து எறங்கிச்சு நைனா. ஆனா உள்ள வுட மாட்டேங்குது. பாஸ்வேர்டு கேக்குது.”

எழில் சுத்தியும் பாத்தான். வேற வழி இல்ல. “வொய்,” அப்டின்னான். “ஏ, ஏ, ஆர், யூ, எம், ஐ, எல், எல், ஏ.”

அவங்க ஒண்ணொண்ணா தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் வாய்க்குள்ளயே சேத்துப் படிக்கறதும் கேட்டுச்சு. யாருமில்ல.

“இன்னாடா பாஸ்வேர்டு இது?”

“சும்மா வெச்சதுக்கா.”

“நல்லா வெச்ச போ,” அப்டின்னாங்க.

பொட்டி தொறந்துச்சு, பட்டன அமுக்குனாங்க, மேக்ரோவும் ஓடுச்சு. பேப்பர் தான் வரல. அந்த ஊரு பிரிண்டரு பழசு, அதோட ஒயரு இந்தப் பொட்டில எங்கயும் சொருவல. ஆறாவது நாளு கம்ப்யூட்டரு அதே டேக்கோட திரும்பி வந்துச்சு. ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ன்னு ரசீது போட்டாங்க. உள்ள அர டம்ளர் மணலு இருந்துச்சு.

ஜூன் மொத சனிக்கெழம எழில் யாருகிட்டயும் கேக்கல. ஒரு பென் டிரைவ பாக்கெட்ல போட்டுகினு, திருக்கழுக்குன்றம் வழியா போற பஸ்ல ஏறி மாமல்லபுரம் போய் எறங்குனான். எந்த நம்பர் வண்டின்னு கூட பாக்கல, மொதல்ல வந்ததுக்கு கைய காட்டுனான்.

கன்னியம்மா அவன மேலேர்ந்து கீழ பாத்தாங்க. “போன்ல நல்லா குண்டா இருந்தியே, நேர்ல இன்னா வத்தக்காச்சியா கீற?”

ஒக்காந்து மாத்துனான். அஞ்சு நிமிசம் தான். பட்டன அமுக்குனாங்க. ஓடுச்சு! பேப்பரும் வந்துச்சு, ஆனா படுக்க வேண்டிய சான்றிதழு நட்டுக்குத்தலா வந்து, போட்டு நம்பரு பாதில வெட்டிக்கிச்சு. எழிலுக்கு பேஜாராயிடுச்சு. அப்பறம் தான் தட்டுச்சு. பேப்பர படுக்கப் போடுன்றதுக்கு அவன் எழுதி வெச்ச சொல்லு, அந்தப் பதினாறோட லைப்ரரில கீற சொல்லு. லைப்ரரிய கழட்டுனப்பறம் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்ல, மெசினு அத்த சைபர்னு எடுத்துக்குது. சைபர்னா நட்டுக்குத்தல். சொல்ல எடுத்துட்டு ஒண்ணுன்னு நம்பர் போட்டான்.

பேப்பர் படுத்துகினு வந்துச்சு. முழுப் போட்டு நம்பரோட. சூடா.

வாசல்ல நின்னுகினு இருந்த ஒரு ஓனரு அத்த வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தாரு. “இதுக்கா ரெண்டு மாசம்?” அப்டின்னு கேட்டுட்டு போய்ட்டாரு. கன்னியம்மா சிரிச்சாங்க. எழிலும் சிரிச்சான். ரொம்ப நாள் ஆச்சு அவன் சத்தமா சிரிச்சு, அவன் சத்தம் அவனுக்கே புதுசா இருந்துச்சு.

கெளம்பறதுக்கு முன்ன ஒரு வரி சேத்தான். எதுனா தப்பா போச்சுன்னா ஸ்கிரீன்ல ஒரு பொட்டி வரும்: ‘பிரச்சனையா? எழிலக் கூப்டுங்க.’ கீழ அவன் சொந்த செல் நம்பரு. கன்னியம்மா அத்த பாத்து காலண்டர்லயும் எழுதிக்கினாங்க. மீன் கொழம்பு ஊத்தி சோறு போட்டாங்க. சாய்ங்காலம் பஸ் ஏத்தி வுட்டாங்க.

திங்கக்கெழமைக்குள்ள பென் டிரைவு மத்த ரெண்டு சென்டருக்கும் போய்டுச்சு. அங்க ஒண்ணுல வேர்ட் பதினஞ்சு, ஒண்ணுல பன்னெண்டு. எல்லாத்துலயும் ஓடுச்சு. பன்னெண்டாந் தேதிக்கே மொத்த போட்டுக்கும் பேப்பர் குடுத்தாச்சு. பிணைப்பு ஆய்வுக் குழு, தன்னோட வழிகாட்டுதலால இது நடந்துச்சுன்னு நாப்பது பக்கம் அறிக்க குடுத்துச்சு. எழிலுக்கு, அனுமதி இல்லாம ஓட வெச்சதுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

ஜூன் முப்பது, எழில் கான்ட்ராக்ட் முடியற நாளு. பக்தவச்சலம் சார் மேல கூப்டாரு. கண்ணாடிய கழட்டுனாரு.

“மெமோவ விடு எழில், அத்த மூடிட்டேன். உன் முறைய நான் வீட்ல போய் நல்லா யோசிச்சேன். பிரமாதம்பா! வாரியமே அத்த ஏத்துக்கிச்சு. புது ஆர்டர் வந்துருக்கு, நீயே படி.”

படிச்சான். ‘கணினிப் பணிக்கு இனி குறிப்பிட்ட நபர் எவரும் பெயர் சுட்டி நியமிக்கப்பட மாட்டார். அந்தந்த நேரத்தில் அலுவலகத்தில் இருப்பவர் அப்பணியைப் பார்த்துக்கொள்வார்.’

“வர்ற வண்டில ஏறிக்கறது,” அப்டின்னாரு சாரு, சந்தோசமா. “நீ சொன்னது தான?”

“ஆமா சார்.”

“அப்பறம் அந்த மெசேஜ்ல உன் பேரு கீது பாரு. இனிமே பேர் வரக்கூடாது. எடுத்துடு. நம்பர் இருக்கட்டும், அது உதவி எண் மாதிரி நல்லாத்தான் கீது. யாராச்சும் எடுப்பாங்க.”

எழில் கீழ போய் தன் பேர எடுத்தான். சேவ் பண்ணான். பைல் ரூம் சாவிய தனகோடிகிட்ட குடுத்தான். பதினோரு மணிக்கு பைல் ரூம் போன ஒரு தரம் பாத்தான். அது அடிக்கல. ஏன் அடிக்கும்? எல்லாம் ஓடுது.

இப்போ ஊரப்பாக்கம் ஸ்டேசன் ரோட்ல ஒரு ஜெராக்ஸ் கடையில ஒக்கார்றான். ஆதாரு, பான் கார்டு, ரிசல்ட் பாக்கறது. ஜனங்க வருவாங்க, பேப்பர நீட்டுவாங்க, “ரெண்டு காப்பி”ம்பாங்க, போய்டுவாங்க. எந்த வேல செஞ்சாலும் பதினோரு மணிக்கு கண்ணு செல்லு மேல போய் நிக்கும். அவன் எழுதுனதுலயே நல்லா எழுதுனது அந்த மேக்ரோ தான். அவ்ளோ நல்லா எழுதிட்டதால யாரும் கூப்டல.

ஆகஸ்டுல ஒரு நாள் அடிச்சுது. செங்கல்பட்டு நம்பரு.

“ஹலோ, உதவி எண்ணா? நான் வாரியத்துலேர்ந்து பொறுப்பு கண்காணிப்பாளர் பேசறேன். பட்டன அமுக்குனா எதோ பொட்டி வருது. ஆபீஸ்ல யாரக் கேட்டாலும், ‘அந்த நேரத்துல நான் இல்ல’ன்றாங்க.”

பிரிண்டர் ஆஃப்ல இருந்துச்சு. எழில் ஆன் பண்ண சொன்னான். பேப்பர் வர்ற சத்தம் கேட்டுச்சு.

“ரொம்ப நன்றிப்பா. பொறுமையா சொல்லிக் குடுத்த. உன் பேர் இன்னா, பாராட்டி ஒரு லெட்டர் போடறேன்.”

எழில் கொஞ்சம் யோசிச்சான். “பேர் வேணாம் சார். இந்த நேரத்துக்கு நான் இருந்தேன். அவ்ளோதான்.”

“அதான்பா கரெக்ட்டு,” அப்டின்னு வெச்சுட்டாரு சாரு.

அடுத்த நாள் சரியா பதினொண்ணு. மறுபடி செல்லு. கடைல கூட்டம், ஒரு கைல யாரோட ஆதாரோ.

“நைனா, கன்னியம்மா. உன் பட்டன் மறுபடி திட்டுதுடா.”

“இன்னான்னு வருதுக்கா?”

அந்தப் பக்கம் கடல் மட்டும்.

“அதே தான்டா. பழசு தான். சி... ஏ... என்...”

அந்த எர்ரர் இனிமே வராது. வரவே முடியாது. தேடிப் போறதுக்கு அந்த பைல்ல இப்போ எந்த லைப்ரரியும் இல்ல, அவன் கையாலயே கழட்டிட்டான். அது எழிலுக்குத் தெரியும். கன்னியம்மாக்கும் தெரியும், அன்னிக்கு பக்கத்துல ஒக்காந்து பாத்தவங்க தான.

எழில் ஆதார ஜெராக்ஸ் மெசின் மேல வெச்சுட்டு, ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்தான்.

“படிங்கக்கா,” அப்டின்னான். “மெதுவா படிங்க.”

“மேல ஒரு கொம்பு...”

“ம்.”

“டி...”